அரங்கேற்றத்திற்கு முன்: பல்கலைக்கழக அன்றாடத்தில் கலை – பேராதனைக் கூத்து முயற்சியும் செங்கல்பட்டு வட்டாரமும்

ஆய்வுச்சுருக்கம்

பல்கலைக்கழக வளாகங்களில் கலை பெரும்பாலும் ஆண்டுவிழாவோடும் கலைவிழா நாள்களோடும் முடிந்துவிடுகிறது. கலையைக் கல்விச் சூழலின் அன்றாடமாக ஆக்குவது எங்ஙனம் என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு மரபுக் கூத்தை மாணவரிடையே கொண்டுவந்த முயற்சி இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. கூத்தின் கல்விப் பயன் மேடையேற்றத்தில் அன்றி, அதற்கு முற்பட்ட பழகுகாலத்திலேயே மிகுதியும் உள்ளது என்பதும், அவ்வுண்மை மறைமலைநகரை உள்ளிட்ட செங்கல்பட்டு வட்டாரக் கல்வி நிறுவனங்களுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மரபுக் கூத்து, அண்ணாவியார், பழகுகாலம், பேராதனை, கட்டைக்கூத்து, சிற்பக்கலை, உயர்கல்வி

முன்னுரை

மறைமலைநகர் ஒரு தமிழாசிரியரின் பெயரைத் தாங்கிய ஊர். மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அவர் பணியேற்றபோது அக்கல்லூரித் தமிழ்த்துறையின் தலைவராக விளங்கியவர் பரிதிமாற்கலைஞர். ரூபாவதி, கலாவதி ஆகிய நாடகங்களை இயற்றியதோடு, நாடக இலக்கணம் கூறும் ‘நாடகவியல்’ என்னும் நூலையும் 1897இல் வெளியிட்டவர் அவர். மறைமலையடிகளும் காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கி, அந்நாடகத்தைப் பற்றி விரிவான ஆராய்ச்சியும் எழுதினார். கல்லூரித் தமிழ்க் கல்வியின் அத்தொடக்கக் காலத்தில் நாடகம் தமிழாசிரியரின் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

பின்னர் இந்நிலை மாறியது. முத்தமிழ் என்னும் வழக்கு பாடநூலில் நிலைபெற்றிருப்பினும், தமிழ்த்துறைகளிடம் எஞ்சியது பெரும்பான்மையும் இயற்றமிழே. இசை இசைக்கல்லூரிக்கும், நாடகம் ஆண்டுவிழா மேடைக்கும் சென்றன. தெருக்கூத்து குறித்த வினாவுக்கு நிறைவான விடை எழுதும் மாணவர், ஓர் இரவுக் கூத்தையேனும் காணாமல் முதுகலைப் பட்டம் பெற்றுவிட முடிகிறது. இவ்விடைவெளியே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளியாகும்.

கலை வளாகத்திற்குள் வரும் மூன்று வழிகள்

கலையும் உயர்கல்வியும் சந்திக்கும் வழிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, துறைவழி. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இசைக்கல்வியைத் தன் பகுதியாகக் கொண்டிருந்தது. 1981இல் தொடங்கப்பெற்ற தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நாடகத்திற்கெனத் துறையொன்றை அமைத்தது. இவ்வழியில் கலைக்கு நிலைபேறு கிடைக்கிறது. ஆயினும் அத்துறையில் சேராத மாணவர்க்கு அக்கலை அயலதாகவே இருந்துவிடக் கூடும்.

இரண்டாவது, வருகைவழி. 1977இல் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கிரண் சேத் தொடங்கிய ஸ்பிக் மெக்கே இயக்கம், தேர்ந்த கலைஞர்களைக் கல்வி நிறுவனங்களுக்கு அழைத்துச் சென்றது. எத்துறை மாணவரும் கேட்கலாம், காணலாம். எனினும் கலைஞர் சென்றபின் வளாகத்தில் நிகழ்வின் நினைவே எஞ்சுகிறது. மாணவர் நல்ல சுவைஞர் ஆகலாம். பயில்வோர் ஆவது அரிது.

மூன்றாவது, பழக்கவழி. ஒரு கலையைத் தொழிலாகக் கொள்ள எண்ணாத மாணவரும் அதை உடலாலும் குரலாலும் நாள்தோறும் பயிலும் முறை இது. தமிழகத்தில் 1970களின் இறுதியில் காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் பொறுப்பேற்று நடத்திய நாடகப் பயிற்சி, இவ்வழியின் ஆற்றலைக் காட்டியது. கல்லூரி ஆசிரியர்கள் அதில் மாணவராக அமர்ந்து பயின்றனர். தோற்பாவை நிழற்கூத்தை ஆய்வு செய்தவரும் மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தோற்றுவித்தவருமாகிய மு. இராமசாமி அப்பயிற்சியில் உருவானவர்களுள் ஒருவர். எனினும் பழக்கவழியை ஒரு வளாகத்தினுள்ளேயே, தமிழ்க் கல்வியோடு இணைத்து நடத்திக்காட்டிய முன்னோடி முயற்சி பேராதனையில் நிகழ்ந்தது.

பேராதனையில் கூத்து

பேராதனையில் கலைமுயற்சிக்கு ஏற்ற சூழல் முன்னரே உருவாகியிருந்தது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர, நாடகம எனப்படும் சிங்கள நாட்டார் அரங்கின் கூறுகளைக் கொண்டு ‘மனமே’ நாடகத்தை ஆக்கினார். நாடகம என்பதே தமிழ்க் கூத்தோடு உறவுடையது. தம்மொழி மரபரங்கு நவீன அரங்காக மாறுவதைச் சிங்கள மாணவர் கண்ட அதே வளாகத்தில், தமிழ் மாணவருக்கு எது மரபு என்னும் வினா இயல்பாகவே எழுந்தது.

அதற்கு விடை தேடியவர் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன். பத்துப்பாட்டை ஆய்ந்து இலண்டனில் முனைவர் பட்டம் பெற்ற அவர், சங்க இலக்கிய ஆய்வோடு நின்றுவிடாமல் மட்டக்களப்பின் கூத்துக் களரிகளை நாடிச் சென்றார். மாணவரைக் கொண்டு கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964) ஆகியவற்றையும், பின்னர் வாலிவதையையும் மேடையேற்றினார். வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார் மாணவர்க்கு ஆட்டமும் பாட்டும் பழக்கினார்.

இம்முயற்சியில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, கூத்தைப் பழக்கும் உரிமை அண்ணாவியாரிடமே இருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெறாத ஒருவர், பல்கலைக்கழக மாணவர்க்கு ஆசிரியராக நின்றார். இரண்டாவது, பங்கேற்றோர் நாடகத்துறை மாணவர் அல்லர். பல பாடங்களைப் பயின்றோர். மூன்றாவது, பனுவலும் பயில்வும் பிரிக்கப்படவில்லை. அதே காலத்தில் அலங்காரரூபன் நாடகம், மூவிராசர் நாடகம் முதலிய கூத்துப் பனுவல்களை வித்தியானந்தன் பதிப்பித்தார். ஒருபுறம் ஏட்டில் இருந்த கூத்து அச்சேறியது. மறுபுறம் அதே மரபு மாணவரின் காலடியில் ஏறியது.

இதன் விளைவு நெடுங்காலம் நீடித்தது. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகம் அமைந்துள்ள இடம் வந்தாறுமூலை, அண்ணாவியாரின் ஊர்.

பழகுகாலம் என்னும் பாடத்திட்டம்

கூத்து ஏன் இவ்வாறு கல்விக்கு இயைந்தது என்பதை அதன் பயில்முறையில் காணலாம். மட்டக்களப்பு மரபில் ஒரு கூத்து அரங்கேறுவதற்கு முன்பு பல படிகள் உள்ளன. ஊரார் கூடி ஆடவேண்டிய கூத்தைத் தெரிவு செய்வர். பின்னர் ‘சட்டங் கொடுத்தல்’ நிகழும்; ஒவ்வொருவருக்கும் உரிய பாத்திரத்தின் பாடலும் வசனமும் எழுதப்பட்ட ஏடே சட்டம் எனப்படும். அதன்பின் மாலைதோறும் களரியில் ஆட்டம் பழகுவர். ஆட்டம் கைவந்தபின் காலில் சதங்கை அணியும் விழா நடைபெறும். அடுத்து ‘அடுக்குப் பார்த்தல்’ என்னும் முழு ஒத்திகை. இவற்றுக்குப் பின்னரே அரங்கேற்றம். அதன் பின்னும் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதுண்டு.

இப்படிகளில் அரங்கேற்றம் ஒன்றே ஒன்று. ஏனையவை அன்றாட உழைப்பால் ஆனவை. பழகும் மாலைகளில் ஊரார் வந்து பார்ப்பர். பிழைகள் எல்லார் முன்னிலையிலும் திருத்தப்படும். ஆடாத சிறுவரும் பாடல்களை மனங்கொள்வர். கலை ஊரின் அன்றாடமாவது அரங்கேற்ற இரவில் அன்று, அதற்கு முந்தைய மாதங்களில்தான்.

கல்வி நிறுவனங்கள் இவ்வரிசையிலிருந்து இறுதிப் படியை மட்டும் எடுத்துக்கொள்ளும்போதே கலை ஒருநாள் காட்சியாகிறது. ஆகவே நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் வளாகத்தில் கலை வேரூன்றாது. பழகுவதற்குரிய இடமும் காலமும், பழக்குவோருக்குரிய தகுதிநிலையும் அமைய வேண்டும்.

முயற்சியின் வரம்புகள்

பேராதனை முயற்சி மறுப்பின்றி ஏற்கப்பட்டதன்று. விடியவிடிய ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணி நேரத்துள் சுருக்கப்பட்டது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்து காணும் வட்டக்களரியிலிருந்து ஒருமுக மேடைக்குக் கூத்து மாற்றப்பட்டது. இம்மாற்றங்கள் கூத்தைப் படித்தோர் அவைக்கு ஏற்றவாறு செதுக்கின என்பதும், அதனால் ஊர்க் கூத்தருக்கு விளைந்த பயன் யாது என்பதும் பின்னர் விவாதிக்கப்பட்டன.

இவ்விவாதத்தின் தொடர்ச்சியாகவே சி. ஜெயசங்கரின் கூத்து மீளுருவாக்க முயற்சியைக் கருதலாம். பல்கலைக்கழகத்திற்குக் கூத்தை அழைத்து வருவதற்கு மாறாக, மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊராரோடு சேர்ந்து, அவர்தம் களரியிலேயே கூத்தின் கருத்தையும் வடிவையும் மறுபரிசீலனை செய்யும் முறை அது. வளாகம் கலையைப் பெறுகிறது எனின், கலைக்குரிய ஊர் பெறுவது யாது என்னும் வினாவைப் புறந்தள்ள இயலாது என்பதை இவ்விரு முயற்சிகளும் சேர்ந்தே உணர்த்துகின்றன.

செங்கல்பட்டு வட்டாரத்திற்குப் பொருத்துதல்

மறைமலைநகரும் அதனை அடுத்த பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பகுதிகளும் கல்வி நிறுவனங்கள் செறிந்தவை. இங்கிருந்து தென்கிழக்கே செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்றால் மாமல்லபுரம், மேற்கே காஞ்சிபுரம். இவ்விரு திசைகளிலும் இரு வாழும் மரபுகள் உள்ளன.

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர் அரசு கட்டட மற்றும் சிற்பக் கலைக் கல்லூரியாக வளர்ந்தது. பட்டறையில் வழிவழியாகக் கற்பிக்கப்பட்ட தொழில், பட்டப்படிப்பாக ஏற்கப்பட்டது. அதன் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றிய வை. கணபதி ஸ்தபதி கணிதப் பட்டதாரி. கன்னியாகுமரியில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை உருவாக்கியவர். உளிவேலையும் கல்லூரிக் கல்வியும் ஒருவரிடத்தே கூடியதற்கு அவர் எடுத்துக்காட்டு. ஊரின் கற்சிற்பத் தொழிலுக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

காஞ்சிபுரப் பகுதியில் கட்டைக்கூத்து வழங்குகிறது. அணிகளும் முடியும் மரக்கட்டையால் ஆனமையின் இப்பெயர் என்பர். பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் முன்னின்ற கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் அமைந்தது. அது 2002இல் புஞ்சரசந்தாங்கலில் தொடங்கிய குருகுலம், பள்ளிக் கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் ஒரே வளாகத்தில் இணைத்தது. பெண் பிள்ளைகளுக்கும் கூத்துப் பயிற்சி அளித்தது.

இவற்றை வளாக அன்றாடத்தோடு இணைப்பதில் காலக்கணக்கு முதன்மையானது. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து மிகுதியும் கோடையில் நிகழ்கிறது. அப்போது கல்லூரிகளில் தேர்வும் விடுமுறையும் நடைபெறுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூத்தருக்கு ஆட்டம் குறைவு. அதுவே கல்லூரிகளில் முதற்பருவப் பாடங்கள் நடைபெறும் காலம். வருவாய் குறைந்த மாதங்களில் கூத்தாசிரியரை ஊதியத்தோடு வளாகத்தில் அமர்த்தி, மாலைப் பழகலைத் தொடங்கலாம். கோடையில் மாணவர் அவரோடு ஊர்க்களரிக்குச் சென்று, முழுஇரவுக் கூத்தில் உடனிருந்து பயிலலாம். இவ்வாறு அமையின், பழகல் வளாகத்திலும் நிறைவு ஊரிலும் நிகழும்; பேராதனை முயற்சி மீது எழுந்த வினாவுக்கும் ஓரளவு விடை கிடைக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் வெளியிட்ட, கலைஞரையும் கைவினைஞரையும் உயர்கல்வி நிறுவனங்களில் தங்கிக் கற்பிக்கச் செய்வதற்கான வழிகாட்டு நெறிகள் இதற்கு வாயில் திறந்துள்ளன. ஆயினும் அமர்த்துதல் மட்டும் போதாது. கலைஞருக்குச் சிறப்புவிருந்தினர் என்னும் ஒருநாள் மதிப்பு இருந்து, மாணவரை மதிப்பிடும் உரிமை இல்லாதவிடத்து, அவர் ஆசிரியர் ஆவதில்லை. அதுபோன்றே கூத்துக்கு மதிப்பெண் அளித்து, அதனை எழுத்துத் தேர்வால் அளப்பின், பழகல் மீண்டும் குறிப்பேடாகிவிடும்.

முடிவுரை

பேராதனையில் நிகழ்ந்தது பெருநிதியால் ஆனதன்று. ஒரு தமிழாசிரியரின் ஈடுபாடு, ஓர் அண்ணாவியாரின் ஆசிரியத்துவம், மாணவரின் மாலைநேரம் ஆகிய மூன்றும் அங்கு ஒன்றுசேர்ந்தன. செங்கல்பட்டு வட்டாரத்தில் சிற்பியும் கூத்தரும் அண்மையில் உள்ளனர். மாணவரும் உள்ளனர். இடையில் தேவைப்படுவது, வித்தியானந்தன் செய்ததுபோலப் பனுவலையும் பயில்வையும் ஒருங்கே கையாளும் தமிழாசிரியரின் பங்கு. நாடக இலக்கணம் எழுதிய தமிழாசிரியரின் துறையில் பணிதொடங்கிய மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊரில், அப்பங்கு புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டியதன்று, மீட்டெடுக்கப்பட வேண்டியதே.