பரத்பூரில் விடைபெறும் பறவைகள்: வராத விருந்தாளிக்காகத் தொடரும் தேடல்

பரத்பூர்: குளிர் விலகி வசந்தம் தொடங்கும் பிப்ரவரி இறுதியிலும் மார்ச் மாதத்திலும், ராஜஸ்தான் மாநிலம், பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் அதிகாலையிலேயே பறவை ஆர்வலர்கள் கூடிவிடுகின்றனர். குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் பறவைகளையும், வழியில் சில நாள்கள் மட்டும் தங்கிச் செல்லும் அரிய பறவைகளையும் காண ஏற்ற பருவம் இது.

இமயமலையைக் கடந்து திபெத், மங்கோலியா பகுதிகளுக்குச் செல்லும் வரித்தலை வாத்துகள் முதலில் புறப்படுகின்றன. ஊசிவால் வாத்துகளும் கிளுவைகளும் கூட்டங்கூட்டமாகப் பின்தொடர்கின்றன. மத்திய ஆசியாவுக்குத் திரும்பும் சூறைக்குருவிகள் பூத்துக் குலுங்கும் இலவ மரங்களில் இளைப்பாறுகின்றன. பறவைகளின் பெயர்களை அறிந்த சைக்கிள் ரிக்ஷா ஓட்டுநர்களே இங்கு பலருக்கு வழிகாட்டிகள்.

ஆனால், ஆர்வலர்கள் எதிர்நோக்கும் ஒரு விருந்தாளி மட்டும் வருவதில்லை. அது சைபீரியக் கொக்கு.

200-லிருந்து இரண்டாக...: மேற்கு சைபீரியாவிலிருந்து 5,000 கி.மீ.க்கும் மேல் பறந்து வந்து, ஆழமில்லாத நீரில் கோரைக் கிழங்குகளைத் தின்று குளிர்காலத்தைக் கழித்த பறவை இது. 1964-65-ல் சுமார் 200 கொக்குகள் இங்கு காணப்பட்டன. பின்னர் எண்ணிக்கை படிப்படியாகச் சரிந்தது. 1990-களின் நடுவில் இரண்டு குளிர்காலங்கள் வராமலிருந்து, மீண்டும் சில பறவைகள் வந்தன. 2002-ல் காணப்பட்ட ஒரு ஜோடியே கடைசி.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியிலான வேட்டையும், இடையில் தங்கும் நீர்நிலைகள் வறண்டதும் இவ்வழிவுக்கு முக்கியக் காரணங்கள். சீனாவின் போயாங் ஏரிக்குச் செல்லும் கிழக்குப் பிரிவுக் கொக்குகளே இன்று ஆயிரக்கணக்கில் எஞ்சியுள்ளன.

வேட்டைக்களம் சரணாலயமானது: பரத்பூர் மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்த இந்தச் சதுப்பு நிலத்தில், 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ பங்கேற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அந்தக் கணக்கு பொறித்த கல் இன்றும் பூங்காவில் உள்ளது. சுமார் 29 சதுர கி.மீ. பரப்புள்ள இப்பகுதி 1985-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பின் எழுந்தது தண்ணீர்ப் பிரச்னை. ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கோடி கன அடி நீர் பூங்காவுக்குத் தேவை. கரௌலி மாவட்டத்தின் பாஞ்சனா அணை நீரைத் தங்கள் பாசனத்துக்கே அளிக்க வேண்டும் என அப்பகுதி விவசாயிகள் வலியுறுத்தியதால், 2004-ல் பூங்கா நீரின்றித் தவித்தது. அதன்பின் கோவர்த்தன் வடிகால் மூலம் யமுனை வெள்ள நீரும், குழாய் மூலம் சம்பல் நீரும் கொண்டுவரப்பட்டன.

இப்போது புறப்படும் வாத்துகள் அக்டோபர் வாக்கில் மீண்டும் வரத் தொடங்கும். அவை இறங்குவதற்கு நீர் இருக்க வேண்டுமானால், ஜூலை முதலே அது ஏரிகளை வந்தடைய வேண்டும்.