கங்கைகொண்டான் கற்றுக்கொடுத்த பொருளாதாரம்

இந்தியக் கிராமங்களின் பொருளாதார ஆய்வைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் நெல்லைச் சீமையின் ஊர் ஒன்று அதில் வந்துவிடும். சிற்றாற்றங்கரைக் கங்கைகொண்டான். மணியாச்சிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே பாசஞ்சர் நின்று போகிற ஸ்டேஷன் என்றும், சிப்காட் வந்த ஊர் என்றும்தான் நம்மில் பலருக்கு அதைத் தெரியும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக 1915 கடைசியில் கில்பர்ட் ஸ்லேட்டர் வந்து சேர்ந்தார். அதற்கு முன்பு ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிப்பதற்கென்றே தொடங்கிய ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்துக் கிராமங்களின் பொதுநிலங்கள் எப்படி வேலிக்குள் போயின என்று 1907-இல் புத்தகம் எழுதியவர். அப்படிப்பட்டவருக்குப் பாடப்புத்தகம் மட்டும் போதவில்லை. கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, சொந்த ஊருக்கோ தெரிந்த ஊருக்கோ போய் விசாரித்து எழுதி வாருங்கள் என்று மாணவர்களை அனுப்பினார். நிலம் யார் பேரில் இருக்கிறது, குத்தகை எவ்வளவு, கூலி நெல்லா காசா, கடனுக்கு வட்டி என்ன, மாடு எத்தனை, கிணறு எத்தனை என்று வீட்டு வாசலில் நின்று கேட்கவேண்டிய கேள்விகள். அப்படி அவர்கள் போன ஊர்களில் ஒன்று கங்கைகொண்டான்.

இந்த இடத்தில்தான் ஸ்லேட்டரின் அருமை எனக்குப் புரிகிறது. நம்ம பக்கத்தில் அன்று வயலை ஏக்கரில் யார் சொன்னார்கள்? இத்தனை கோட்டை விதைப்பாடு என்றுதான் பேச்சு. 21 மரக்கால் ஒரு கோட்டை. எத்தனை மரக்கால் விதை விழுமோ அதுவே நிலத்தின் அளவு. களத்தில் நெல் அளக்கும்போது குவித்து அளக்கிறார்களா, தலைதட்டி அளக்கிறார்களா என்பதில் ஒரு குடும்பத்தின் சாப்பாடே கூடும், குறையும். லண்டனில் அச்சான எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தக் கணக்கு கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் கிடைக்கும்.

மாணவர்கள் 1916-இல் எழுதிய அறிக்கைகளைத் தொகுத்து, ‘சம் சௌத் இண்டியன் வில்லேஜஸ்’ என்ற பெயரில் 1918-இல் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதில் கங்கைகொண்டானோடு வடமலாபுரம், பாலக்குறிச்சி, இருவேல்பட்டு, தூசி ஆகிய தமிழ்நாட்டு ஊர்களும், மலையாள, தெலுங்கு வட்டார ஊர்களும் உண்டு. 1921-இல் ஸ்லேட்டர் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனார். அவர் போட்ட தடம் அழியவில்லை. பின்னால் அதே நாற்காலிக்கு வந்த பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து 1936-37-இல் அந்த ஊர்களை மறுபடி ஆராய்ந்தார். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். அடுத்தது, மால்கம் ஆதிசேசையா 1971-இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முறை. அதன் சார்பில் கங்கைகொண்டானை 1984-இல் ஆராய்ந்தவர் வெங்கடேஷ் ஆத்ரேயா. ஒரே ஊரைத் தலைமுறைக்கு ஒருமுறை கதவு தட்டிக் கேட்டுவைத்த இப்படியொரு கணக்கு உலகத்திலேயே அபூர்வம்.

1984-க்குப் பிறகு அந்த ஊர் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கிறது. வயலையும் குளத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்த ஊரில் இன்று டயர் தொழிற்சாலை இருக்கிறது, சோலார் தகடு செய்யும் ஆலை இருக்கிறது. ஷிப்டுக்குப் போகிற பிள்ளையின் சம்பளம் அந்த வீட்டின் பழைய கடனை அடைத்ததா? நிலம் யார் கைக்குப் போனது? பெண்களுக்கு என்ன கூலி? இதையெல்லாம் மறுபடியும் வீடு வீடாகக் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நெல்லைக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1966-இல் மதுரைக்கு மாறின. 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நம் ஊரிலேயே அமைந்தது. பொருளாதாரம், வணிகவியல், மேலாண்மை மூன்றுக்கும் அங்கே துறைகள் உண்டு. பல்கலைக்கழகம் இருக்கிற அபிஷேகப்பட்டியில் காலையில் பஸ் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் கங்கைகொண்டான் போய்விடலாம்.

எனக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. கங்கைகொண்டானைப் பற்றிய இத்தனை அறிக்கைகளும் ஆங்கிலத்தில்தான் வெளிவந்தன. பதில் சொன்னவர்களோ அத்தனை பேரும் தமிழில் சொன்னார்கள். அடுத்த முறை போகிற மாணவர்கள் 1916 அறிக்கையைத் தமிழாக்கிக் கையோடு கொண்டுபோகட்டும். தங்கள் பூட்டன் காலத்துக் குத்தகையும் வட்டியும் என்னவென்று அந்த ஊர்ப் பிள்ளைகள் முதலில் வாசிக்கட்டும். கேள்விப் பட்டியலை அதற்குப் பிறகு எடுக்கலாம்.