தறியிலிருந்து திகன வரை: சிறிய சுசுகி கார் சொல்லும் பெரிய பாடம்

கண்டி – மஹியங்கனை வீதியில் திகன, குண்டசாலை, பல்லேகலை பகுதிகளில் ஓடும் சிறிய கார்களைக் கவனித்தால், சுசுகி என்ற பெயர்தான் அடிக்கடி கண்ணில் படும். பழைய மாருதி 800, அல்டோ, வெகன் ஆர், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் எவரி வேன் எல்லாம் ஒரே கம்பனியின் பிள்ளைகள். ஆட்டோவில் இருந்து காருக்கு மாறும் குடும்பமும், வாடகைக்கு ஓடி உழைக்க நினைக்கும் இளைஞரும், ஓய்வூதியப் பணத்தில் ஒரு வாகனம் எடுக்க விரும்பும் அதிபரும் முதலில் விசாரிப்பது இந்தக் கார்களைப் பற்றித்தான்.

2020 முதல் 2025 வரை மூடிக் கிடந்த வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் வீடுகளில் கார் பேச்சு சூடுபிடித்திருக்கிறது. நடுத்தரக் குடும்பமொன்று வீட்டுக்கு அடுத்தபடியாகச் செய்யும் மிகப் பெரிய செலவு இதுவாகத்தான் இருக்கும். எனவே நாம் வாங்கும் பொருள் எங்கிருந்து வந்தது, எதற்காகச் செய்யப்பட்டது, எமது மலைப் பாதையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

தறி செய்தவரின் கம்பனி

ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் ஹமமாட்சு என்று ஒரு நகரம் இருக்கிறது. நெசவுக்குப் பெயர் போன பகுதி அது. மிச்சியோ சுசுகி என்ற தச்சுத் தொழில் தெரிந்த இளைஞர் 1909இல் அங்கு தறி செய்யும் பட்டறை ஒன்றை ஆரம்பித்தார். 1920இல் அது கம்பனியாகப் பதிவு செய்யப்பட்டது. டொயோட்டாவின் மூலவரான சகிச்சி டொயோடாவும் இதே பகுதியைச் சேர்ந்த தறி வல்லுநர்தான். ஹொண்டா கம்பனியை நிறுவிய சொய்ச்சிரோ ஹொண்டா பிறந்ததும் இப்பகுதியில்தான்.

மிச்சியோ 1930களின் பிற்பகுதியிலேயே கார் செய்து பார்க்க முயன்றார். யுத்தம் அதைத் தடுத்தது. யுத்தத்தின் பின்னர் பருத்திச் சந்தை சரிந்து தறி வியாபாரம் நலிந்தபோது, கம்பனி வேறு வழி தேடியது. 1952இல் 36 சீ.சீ. என்ஜின் பூட்டிய சைக்கிளை விற்பனைக்கு விட்டார்கள். 1954இல் பெயரில் மோட்டார் சேர்ந்தது. 1955இல் 360 சீ.சீ. என்ஜின் கொண்ட சுசுலைட் என்ற சிறிய கார் வெளிவந்தது.

சுசுகி ஏன் சிறிய கார்களின் கம்பனியானது என்பதற்கான விடை ஜப்பானின் சட்டத்தில் இருக்கிறது. யுத்தத்தில் நொந்துபோன மக்களும் ஒரு வாகனம் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக அந்நாடு 'கெய்' என்ற இலகு வாகனப் பிரிவை உருவாக்கியது. அளவும் என்ஜினும் குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் வரி குறைவு. அந்த எல்லை 360 சீ.சீ.யில் இருந்து 1976இல் 550 ஆகவும், 1990இல் 660 ஆகவும் உயர்ந்தது. இன்றைய கெய் கார் 3.4 மீற்றர் நீளத்தையும் 1.48 மீற்றர் அகலத்தையும் தாண்டக் கூடாது. நான்கு பேருக்கு மேல் ஏற்றவும் கூடாது. எமது வீதிகளில் ஓடும் ஜப்பான் வெகன் ஆர் இந்த விதிக்குள் அடங்கிப் பிறந்த கார்.

ஒசாமு சுசுகியின் சிக்கனம்

கம்பனியை உலகறியச் செய்தவர் ஒசாமு சுசுகி. வங்கி ஊழியராக இருந்து, சுசுகி குடும்பத்தில் மணமுடித்து, அக்குடும்பப் பெயரையே ஏற்றவர். 1978இல் தலைவரானார். மறு வருடம் வந்த முதல் அல்டோவின் விலை 4 இலட்சத்து 70 ஆயிரம் யென். மற்றவர்களை வியக்க வைத்த மலிவு அது. தேவையற்ற ஒவ்வொன்றையும் கழற்றி எறிந்தே அந்த விலைக்கு வந்தார்கள். 1993இல் வெகன் ஆர் வந்தது. நீள அகலத்தைக் கூட்டச் சட்டம் இடம் தராதபோது உயரத்தைக் கூட்டி உள்ளே இடம் எடுத்தார்கள். வயோதிபத் தாய் தலை குனியாமல் ஏறி இறங்கும் வசதி அப்படிக் கிடைத்ததுதான்.

இந்தியா அப்போது மக்களுக்கான கார் ஒன்றுக்குப் பங்காளி தேடிக்கொண்டிருந்தது. 1982இல் மாருதியுடன் சுசுகி ஒப்பந்தம் செய்தது. 1983 டிசம்பர் 14ஆம் திகதி முதலாவது மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கையளித்தார். முகாமையாளரும் தொழிலாளியும் ஒரே சீருடை அணிந்து ஒரே உணவகத்தில் சாப்பிடும் வழக்கத்தையும் சுசுகி அந்தத் தொழிற்சாலைக்குக் கொண்டு சென்றது. 2014இல் உற்பத்தி நிற்கும் வரை மாருதி 800 மூன்று தசாப்தங்கள் ஓடியது. இலங்கையில் பல குடும்பங்களின் முதல் காரும் அதுதான்.

ஒசாமு சுசுகி 2024 டிசம்பர் 25ஆம் திகதி தனது 94ஆவது வயதில் காலமானார். செலவைச் சுருக்குவதில் அவர் காட்டிய பிடிவாதம் ஜப்பானில் பிரசித்தம். பெரிய கார்களின் நாடான அமெரிக்காவில் கார் விற்பதை 2012இல் கைவிடவும் அவரது கம்பனி தயங்கவில்லை. தனக்குத் தெரிந்த சிறிய காரைச் சரியாகச் செய்வதே போதும் என்ற கொள்கை அது.

ஒரே பெயர், வேறு வேறு கார்கள்

வாங்குவோர் பலர் குழம்பும் இடம் இது. இந்தியாவில் செய்த அல்டோவும் ஜப்பானில் செய்த அல்டோவும் பெயரில் மட்டுமே ஒன்று. இந்திய அல்டோ 800இன் என்ஜின் 796 சீ.சீ.; ஜப்பான் அல்டோ 660 சீ.சீ. வகை. உதிரிப்பாகங்களும் வேறு. பாதுகாப்பும் வேறுபடும். எயார் பேக் இல்லாத அடிப்படை இந்திய அல்டோ 800, 2014இல் குளோபல் என்கெப் நடத்திய மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. ஆகவே பெயரைக் கேட்டுத் திருப்திப்படாமல், எந்த நாட்டில், எந்த வருடம், எந்த மாதிரி, எயார் பேக் உண்டா என்று கேட்க வேண்டும்.

வெகன் ஆர் ஹைபிரிட் என்பதிலும் ஒரு விளக்கம் தேவை. டொயோட்டா அக்வா, பிரியஸ் போன்ற முழு ஹைபிரிட் அல்ல இது. சிறியதொரு மோட்டார் புறப்படும்போதும் வேகம் எடுக்கும்போதும் என்ஜினுக்குக் கைகொடுக்கிறது; வேகம் குறையும்போது மின்சாரத்தைச் சேமிக்கிறது. அதற்கான லித்தியம் பற்றரி முன்பக்கப் பயணி ஆசனத்தின் கீழே இருக்கிறது. அந்தக் காற்றோட்டத்தைச் செருப்பாலும் பைகளாலும் அடைத்து வைப்பது கேடு. சிக்னலில் என்ஜின் தானாக நிற்கும் வசதி இருப்பதால் சாதாரண பற்றரியும் அதற்கேற்ற விசேட வகையாக இருக்க வேண்டும். மலிவான மாற்றுப் பற்றரி போட்டால் சீக்கிரம் செத்துவிடும்.

மலைப் பாதையின் பரீட்சை

கண்டிப் பகுதி உரிமையாளர்களிடம் பேசினால் கேட்கக் கிடைக்கும் புகழும் குறையும் ஏறத்தாழ ஒன்றுதான். நகர நெரிசலில் திருப்புவது இலகு, நிறுத்த இடம் கிடைக்கும், பெற்றோல் மிச்சம், உதிரிப்பாகம் எங்கும் உண்டு. ஆனால் குடும்பத்தோடு ஏசி போட்டுக் கடுகண்ணாவை ஏறும்போது கார் மூச்சு வாங்கும்.

இதில் கார் மீது குற்றமில்லை. 660 சீ.சீ. என்ஜினும் நான்கு பேர் என்ற கணக்கும் ஜப்பான் நகரங்களுக்காகப் போடப்பட்டவை. நாமோ பின்னால் நால்வரையும் மடியில் இரு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பயணம் போகிறோம். அப்போது என்ஜின் மட்டுமல்ல, பிரேக்கும் தன் அளவுக்கு மீறி உழைக்கிறது. விபத்து என்று வந்தால் மடியில் இருக்கும் பிள்ளைக்கு எந்த பெல்ட்டும் இல்லை.

ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி ஹசலகவுக்கு இறங்கும் 18 வளைவுகளை நினைத்துப் பாருங்கள். இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஓட்டோமெட்டிக் காரிலும் கியரை 'எல்' போன்ற குறைந்த நிலைக்கு மாற்றினால் என்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும். வாங்கி வருடக் கணக்காகியும் அந்த நிலையைத் தொட்டே பார்க்காதவர்கள் எம்மிடையே உண்டு. அதேபோல் இக்கார்களின் சீ.வீ.டீ. கியர்பெட்டிக்குக் கம்பனி குறிப்பிட்ட எண்ணெயை மட்டுமே போட வேண்டும். எண்ணெயில் மிச்சம் பிடித்தவர் பின்னர் கியர்பெட்டியை மாற்றி இழப்பதே வழக்கம்.

மேலே காய்ந்தது, உள்ளே ஈரம்

எங்கள் சந்தையில் ஓடும் ஜப்பான் கார்களில் பெரும்பாலானவை அங்கு சில காலம் ஓடிய பின்னர் ஏலத்தில் வாங்கி இறக்கப்பட்டவை. ஏலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் உண்டு. ஓடிய தூரம், தரப் புள்ளி, எங்கே கீறல், எங்கே திருத்தம் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்ட காருக்கு இலக்கப் புள்ளிக்குப் பதிலாக 'ஆர்' என்ற எழுத்து வரும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, செஸி இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை.

மீற்றரைக் குறைத்து வைப்பதும், அடிபட்டதை மறைத்துப் பெயின்ட் அடிப்பதும் எமது சந்தையில் நடக்காத விடயங்கள் அல்ல. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு விற்றவரைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் சம்பவத்தை நாம் ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். குறைத்த மீற்றர் அந்த ஈரத் தானியம்தான். வாகன வியாபாரத்தில் முஸ்லிம்கள் கணிசமாக இருக்கும் நாட்டில், குறையைச் சொல்லி விற்பவர் என்ற பெயர் எமது சமூகத்துக்கு எந்த விளம்பரத்தையும் விடப் பெரிய மூலதனம்.

விலை என்ற மாயை

2015இல் மட்டும் இலங்கையில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் பதிவாகின. அவற்றில் சிறிய கார்களே மிகுதி. பின்னர் 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி நின்றது. புதிய கார் வராததால் பழைய கார்களின் விலை ஏறியது. சில வருடம் ஓட்டிய காரை வாங்கியதை விடக் கூடுதலாக விற்றவர்கள் உண்டு. 2022இல் பெற்றோல் வரிசையும், கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்ற பங்கீடும் வந்தபோது சிறிய காரின் அருமை இன்னும் புரிந்தது.

ஆனால் இந்தக் காலம் எம்மில் பலருக்குத் தவறான ஒரு பாடத்தையும் கற்பித்துவிட்டது. கார் என்பது காணி போல விலை ஏறும் சொத்து என்ற எண்ணம் அது. கார் தேயும் பொருள். விலை ஏறியது காரின் குணத்தால் அல்ல, கதவு மூடியிருந்ததால். 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் கதவு திறந்தாயிற்று. வரி அதிகம் என்பதால் விலை இன்னும் உயரத்தில் நிற்கலாம். அது நாளை மாறாது என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது.

இந்த எண்ணத்தில் லீசிங் எடுப்பவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு 40 இலட்சம் ரூபாவை வருடம் 15 வீதப்படி குறையும் நிலுவை முறையில் 5 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 95,000 ரூபா. முடிவில் கட்டியது சுமார் 57 இலட்சம். மேலதிகமாகப் போன 17 இலட்சம் பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுக் கூரைக்கோ போயிருக்க வேண்டிய பணம். வட்டியின் ஹராம் பற்றி எமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இஸ்லாமிய நிதி முறையில் முராபஹா, இஜாரா வழிகள் உண்டு. அவற்றையும் உலமாக்களிடமும் விவரம் தெரிந்தவர்களிடமும் கேட்டுப் படித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். வழி ஹலாலாக இருந்தாலும் தாங்க முடியாத தவணை தாங்க முடியாததே.

திகன மறக்கக் கூடாத ஒரு வரி

2018 மார்ச் 5ஆம் திகதி இங்கு என்ன நடந்தது என்பதை யாரும் நினைவூட்டத் தேவையில்லை. கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, வாகனங்களும் எரிந்தன. வாகனக் காப்புறுதி பற்றி அந்நாட்கள் தந்த பாடம் ஒன்று உண்டு. 'புல் இன்சூரன்ஸ்' என்று நாம் சொல்வது கலவரச் சேதத்தைத் தானாகவே உள்ளடக்குவதில்லை. கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான மேலதிகக் காப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதற்கான நிதியைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நிர்வகிக்கிறது. தகாபுல் எடுத்தாலும் வேறு காப்புறுதி எடுத்தாலும், பத்திரத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் முகவரிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவநம்பிக்கையால் செய்வதல்ல இது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது எமது வழி.

போதும் என்ற அளவு

தறிக் கம்பனி ஒன்று நூறு வருடங்களுக்கு மேல் நிலைத்து நின்றதன் காரணம், தேவை எவ்வளவு என்று அளந்து அந்த அளவுக்குச் செய்ததுதான். நாமோ அளந்து செய்யப்பட்ட அந்தக் காரை, அயலவர் எடுத்தார் என்பதற்காகவும், கலியாண வீட்டு வாசலில் நிறுத்துவதற்காகவும், அளவுக்கு மீறிய கடனில் வாங்குகிறோம். சிக்கனத்துக்குப் பிறந்த காரை வீண்விரயமாக்குவது எமது கைதான்.

எனவே வாங்க நினைப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். எமக்கு வாரத்தில் எத்தனை நாள் கார் தேவை? தவணை, காப்புறுதி, பெற்றோல், திருத்த வேலை எல்லாம் போக மாத முடிவில் என்ன மிஞ்சும்? இந்தக் காரில் நியாயமாக எத்தனை பேர் ஏறலாம்? மூன்றுக்கும் நேர்மையான பதில் கிடைத்தால், சிறிய சுசுகி பல வருடம் குறையின்றி உழைக்கும். பதில் கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் பஸ்ஸில் போவதில் எந்த இழிவும் இல்லை. அல்லாஹ் எமது உழைப்பிலும் பயணங்களிலும் பரக்கத் செய்வானாக.