டீபக்கரில் வேரியபிள் எங்கே போனது?

சி மொழி பழகும் வாசகர்கள் பலர் என்னிடம் கேட்பது இது: "புரோகிராமை வரி வரியாக நிறுத்திப் பிழை தேட ஜிடிபி டீபக்கரைத் திறந்தேன். வேரியபிளின் மதிப்பைக் கேட்டால் 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்கிறதே?"

டீபக்கருக்குத் தானாக எதுவும் தெரியாது. எந்த வரி எந்தக் கட்டளையாக மாறியது, எந்த வேரியபிள் மெமரியில் எங்கே இருக்கிறது என்று கம்பைலர் எழுதி வைக்கும் குறிப்பைத்தான் அது படிக்கிறது. ஜிசிசி கம்பைலரில் -ஜி கொடுத்தால் இந்தக் குறிப்பு புரோகிராம் ஃபைலிலேயே சேர்ந்துவிடும்.

வேகத்துக்காக -ஓ2 கொடுக்கும்போதுதான் சிக்கல். (ஓ பெரிய எழுத்து, ஜி சின்ன எழுத்து, மாற்றி அடித்துவிடாதீர்கள்.) கம்பைலர் வரிகளை இடம் மாற்றும், தேவையில்லாத வேரியபிள்களை நீக்கியே விடும். பிறகு குறிப்பில் எதை எழுதுவது?

2010-ல் வந்த ஜிசிசி 4.5, மதிப்பு எங்கெங்கே நகர்கிறது என்று பின்தொடர்ந்து குறித்து வைக்கத் தொடங்கியது. 2013-ல் 4.8 பதிப்பில் -ஓஜி வந்தது. பிழை தேடுவதைக் கெடுக்காத வேகமூட்டல்களை மட்டும் செய்வது இதன் நோக்கம். ஆனாலும் இதில் சில வேரியபிள்கள் மறைவதைப் பார்த்திருக்கிறேன். எனவே, புதிதாகக் கற்பவர்கள் -ஓ0 -ஜி என்றே கொடுங்கள். புரோகிராம் மெதுவாகத்தான் ஓடும். நீங்கள் எழுதிய வரிசையிலேயே ஓடும்.