செகண்ட் மானிட்டர் வாங்கப் போறீங்களா? கார்டைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி சிபியு-வோட பின்பக்கத்தைப் பாருங்க!



ஒரு பக்கம் எக்செல் ஷீட், இன்னொரு பக்கம் கிளையன்ட் அனுப்பின மெயில், நடுவுல மீட்டிங் கால். ஒரே ஸ்கிரீன்ல ஆல்ட்-டேப் அடிச்சு அடிச்சு அலுத்துப் போய், "இன்னொரு மானிட்டர் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்"னு நீங்களும் யோசிச்சிருப்பீங்க.

அப்படித் தோணின உடனே நாம என்ன பண்றோம்? யூடியூப்ல நாலு டெஸ்க் செட்டப் வீடியோ பார்க்கிறோம். வளைஞ்ச மானிட்டர், அதுக்கு ஒரு ஆர்ம், பின்னாடி கலர் லைட். வீடியோ முடியும்போது 9,000 ரூபாயில இருந்த நம்ம பட்ஜெட் 40,000-க்குப் போயிருக்கும். கையில அவ்வளவு காசு இருக்காது. அதனால 12 மாச இஎம்ஐ.

30,000 ரூபாய் சம்பளம் கைக்கு வருது, அதுல மாசம் 3,333 ரூபாய் மானிட்டருக்கே போகுதுன்னா, அது சம்பளத்துல 11 சதவீதம். ஒரு வருஷத்துக்கு உங்க எஸ்ஐபி-யும் அவசரகால நிதியும் அந்த மேஜை மேலயே உட்கார்ந்திருக்கும்.

செகண்ட் மானிட்டர் வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. அது நல்ல செலவுதான். ஆனா அது சின்னச் செலவா முடியணும். எப்படின்னு வரிசையா பார்ப்போம்.

1. உங்களுக்கு உண்மையிலேயே தேவையா?

ஒரு எளிய கணக்கு. 9,000 ரூபாய் மானிட்டரை 3 வருஷம், வருஷத்துக்கு 250 வேலை நாள் உபயோகிக்கிறீங்க. மொத்தம் 750 நாள். ஒரு நாளைக்கு 12 ரூபாய், அதாவது ஒரு டீ காசு. தினமும் ரெண்டு ஃபைலை ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை, கோடிங், டிசைன், அக்கவுன்ட்ஸ், டேட்டா என்ட்ரி செய்றவங்களுக்கு இது கண்ணை மூடிக்கிட்டு ஓகே.

அதே கணக்கை 40,000 ரூபாய்க்குப் போட்டா நாளைக்கு 53 ரூபாய். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்றவருக்கு 3 வருஷத்துல 150 நாள்தான் வரும். அப்போ 9,000 ரூபாய் மானிட்டரே நாளைக்கு 60 ரூபாய். உங்க கணக்கு இதுல எங்க வருதுன்னு முதல்ல போட்டுப் பாருங்க.

டிரேடிங்குக்காக நாலு ஸ்கிரீன் வைக்கணும்னு நினைக்கிறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுப்படி, 2021-22 முதல் 2023-24 வரை 3 வருஷத்துல எஃப் அண்ட் ஓ செஞ்ச தனிநபர்கள்ல 100-க்கு 93 பேர் நஷ்டம். ஸ்கிரீன் எண்ணிக்கை கூடினா சார்ட் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான். "இத்தனை செலவு பண்ணிட்டோமே, எடுத்தே ஆகணும்"னு தோணுற அவசரம்தான் அதுல பெரிய ஆபத்து.

2. காசு கொடுக்காம ரெண்டு வாரம் சோதிச்சுப் பாருங்க

முதல் கேள்வி உங்க ஹெச்.ஆர் அல்லது ஐடி சப்போர்ட் டீமுக்கு: "வீட்டுல உபயோகிக்க மானிட்டர் கிடைக்குமா?" நிறைய கம்பெனிகள்ல இதுக்கு வழி இருக்கும், யாரும் கேட்கிறதில்ல. கம்பெனி தன்னோட கம்ப்யூட்டரை உங்களுக்கு உபயோகிக்கக் கொடுத்தா, அது வருமான வரியில உங்க சம்பளத்தோட சேராது. அதையே மாசாமாசம் அலவன்ஸா பணமா கொடுத்தா, அதுக்கு வரி வரும். அதனால பொருளா கிடைச்சா பொருளாவே வாங்கிக்கோங்க.

கம்பெனி இல்லைன்னு சொல்லிட்டா, ஹால்ல இருக்கிற டிவியை ஹெச்டிஎம்ஐ கேபிள்ல இணைச்சுப் பாருங்க. எழுத்து கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும். ஏன்னா 32 இன்ச் ஹெச்டி ரெடி டிவியோட ரெசொல்யூஷன் 1366 x 768 தான். படம் ஓரத்துல வெட்டுப்பட்டா டிவி மெனுவுல "ஜஸ்ட் ஸ்கேன்" அல்லது "ஸ்கிரீன் ஃபிட்" போடுங்க. நிரந்தரமா வேலை பார்க்க இது சரிவராது. ஆனா ரெண்டாவது ஸ்கிரீனை நீங்க நிஜமாவே உபயோகிக்கிறீங்களா, இல்ல அதுல பாட்டு மட்டும்தான் ஓடுதான்னு தெரிஞ்சுடும்.

பழைய லேப்டாப் இருக்கா? ஒரு விஷயம் கவனம்: லேப்டாப்ல இருக்கிற ஹெச்டிஎம்ஐ போர்ட் பெரும்பாலும் படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான், உள்ளே வாங்காது. அதனால கேபிள் போட்டா வேலைக்கு ஆகாது. ஸ்பேஸ்டெஸ்க் மாதிரி ஒரு ஆப் போட்டா, வீட்டு நெட்வொர்க் வழியா அந்த லேப்டாப்பையோ டேப்லெட்டையோ ரெண்டாவது ஸ்கிரீனா மாத்தலாம். சொந்த உபயோகத்துக்கு இது இலவசம். ஆபீஸ் சிஸ்டத்துல அனுமதி இல்லாம எதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க.

3. இப்போ சிபியு-வைத் திருப்புங்க

நிறைய பேர் காசு வீணாக்குற இடம் இதுதான். மானிட்டர் வந்த பிறகுதான் போர்ட் இல்லைன்னு தெரியும். அதனால ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா: பின்னாடி கீழ்ப்பகுதியில, படுக்கை வாட்டத்துல இருக்கிற போர்ட்டுகள் அதோடது. ரெண்டு மானிட்டரையும் அதுலயே இணைங்க. மேலே, யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்துல இருக்கிறது மதர்போர்டோடது.

கிராஃபிக்ஸ் கார்டு இல்லைன்னா: மதர்போர்டுல ஹெச்டிஎம்ஐ, விஜிஏ, டிஸ்ப்ளே போர்ட் இதுல ரெண்டு இருந்தா போதும், பெரும்பாலும் ரெண்டையும் ஒரே நேரத்துல உபயோகிக்கலாம். செகண்ட் மானிட்டருக்காகன்னு மட்டும் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கத் தேவையில்ல. ஆபீஸ் வேலைக்கு பிராசஸருக்குள்ள இருக்கிற கிராஃபிக்ஸே தாராளம்.

பிராசஸர் பேரைப் பாருங்க: இன்டெல்ல ஐ5 12400எஃப் மாதிரி கடைசியில 'எஃப்' இருந்தா, அதுக்குள்ள கிராஃபிக்ஸ் கிடையாது. ஏஎம்டி ரைசன் 5 5600-லயும் கிடையாது, 5600ஜி-யில உண்டு. கிராஃபிக்ஸ் இல்லாத பிராசஸர்ல மதர்போர்டு போர்ட்டுல கேபிள் மாட்டினா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வராது. போர்ட் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க.

ஸ்பிளிட்டர் வாங்காதீங்க: "ஒரு ஹெச்டிஎம்ஐ-ல இருந்து ரெண்டு மானிட்டர்"னு விக்கிற சாதாரண ஸ்பிளிட்டர், ஒரே படத்தை ரெண்டு மானிட்டர்லயும் காட்டும். கடையில விளம்பரம் ஓட்ட அது சரி. ரெண்டுலயும் வேற வேற விண்டோ திறக்கணும்னா அது உதவாது.

கன்வர்ட்டர் திசையைப் பாருங்க: சிபியு-ல டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர்ல ஹெச்டிஎம்ஐ இருந்தா, சாதாரண டிஸ்ப்ளே போர்ட்-டு-ஹெச்டிஎம்ஐ கேபிள் போதும். அதே கேபிளைத் திருப்பிப் போட்டா வேலை செய்யாது. ஹெச்டிஎம்ஐ-ல இருந்து பழைய விஜிஏ மானிட்டருக்குப் போகணும்னா வெறும் கேபிள் பத்தாது, உள்ளே சிப் இருக்கிற கன்வர்ட்டர் வேணும்.

4. எந்த மானிட்டர்?

ஆபீஸ் வேலைக்கு 24 இன்ச், ஃபுல் ஹெச்டி, ஐபிஎஸ் பேனல். சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள்ள நல்ல பிராண்டுலயே கிடைக்கும். ஐபிஎஸ் ஏன்னா, செகண்ட் மானிட்டரை நாம பக்கவாட்டுல இருந்துதான் பார்ப்போம். சாய்வா பார்த்தாலும் கலர் மாறாம தெரியணும்.

"இன்னும் 2,000 போட்டா 27 இன்ச்"னு கடைக்காரர் சொல்லுவார். அதே ஃபுல் ஹெச்டி-யை 27 இன்ச்சுக்கு இழுத்தா எழுத்து கொஞ்சம் சொரசொரப்பா தெரியும். 27 இன்ச்தான் வேணும்னா 2560 x 1440 ரெசொல்யூஷன் பாருங்க, அதோட விலை வேற. கேம் ஆடாதவங்களுக்கு 144 ஹெர்ட்ஸ், வளைஞ்ச ஸ்கிரீன் ரெண்டும் தேவையில்ல.

ஜிஎஸ்டி பத்தியும் தெரிஞ்சுக்கோங்க. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேல இருக்கிற மானிட்டருக்கு 28 சதவீத வரி 18-ஆ குறைஞ்சது. 32 இன்ச் வரைக்கும் அதுக்கு முன்னாடியே 18 தான். அதனால "ஜிஎஸ்டி குறைஞ்சதால 24 இன்ச்சுக்கு ஸ்பெஷல் விலை"ன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு அடுத்த கடைக்குப் போங்க.

பட்ஜெட் இன்னும் கம்மியா? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்கள்ல ஆபீஸ்ல இருந்து கழிச்ச பழைய மானிட்டர்கள் கிடைக்கும். ஆனா 10 நிமிஷமாவது ஓட விட்டு, முழு வெள்ளை, முழு கருப்பு ரெண்டும் போட்டுப் பார்த்து, உங்களுக்கு வேண்டிய போர்ட் இருக்கான்னு உறுதி பண்ணிட்டு வாங்குங்க. பில் கேளுங்க. புதுசுன்னா பெரும்பாலும் 3 வருஷ வாரண்டி வரும், அதையும் விலையோட சேர்த்து எடைபோடுங்க.

5. நோ காஸ்ட் இஎம்ஐ: காஸ்ட் உண்டு!

12,000 ரூபாய் மானிட்டர், 6 மாசம், மாசம் 2,000. "வட்டியே இல்ல"ன்னு தோணும். பேங்க் 16 சதவீத வட்டி போடுதுன்னு வச்சுக்கோங்க. 6 மாசத்துக்கு வட்டி சுமார் 541 ரூபாய். அந்தத் தொகையைத்தான் முன்கூட்டியே டிஸ்கவுன்ட்டா கழிக்கிறாங்க. ஆனா அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 97 ரூபாய், உங்க கார்டு பில்லுல வரும். பிராசஸிங் ஃபீஸ் 199-ன்னா அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. மொத்தம் சுமார் 332 ரூபாய் கூடுதல். முழுத்தொகை கட்டினா கிடைச்சிருக்கக்கூடிய உடனடி தள்ளுபடியும் போச்சுன்னா, இன்னும் அதிகம்.

ரிசர்வ் வங்கியே 2013-ல, பூஜ்ய வட்டிங்கிற கருத்தே இல்லைன்னு வங்கிகளுக்குச் சொல்லியிருக்கு. 332 ரூபாய் பெரிய தொகை இல்லதான். ஆனா நடுவுல ஒரு மாசம் மினிமம் டியூ மட்டும் கட்டினீங்கன்னா, கிரெடிட் கார்டு வட்டி பல கார்டுகள்ல வருஷத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டும். அங்கதான் 12,000 ரூபாய் மானிட்டர் குட்டி போடும்.

இதுக்குப் பதிலா மாசம் 3,000 ரூபாயைத் தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்ல போடுங்க. மூணாவது மாசம் 9,000 ரெடி. அந்த மூணு மாசத்துக்குள்ள டிவி, பழைய லேப்டாப் வச்சு சோதனையும் முடிஞ்சிருக்கும். பாதிப் பேருக்கு அதுக்குள்ள ஆசையே போயிருக்கும், அதுவும் லாபம்தான்.

6. மாட்டியாச்சு, இனி செட்டிங்

விண்டோஸ் கீயும் பி-யும் சேர்த்து அழுத்தி "எக்ஸ்டெண்ட்" தேர்ந்தெடுங்க. "டூப்ளிகேட்"ல இருந்தா ரெண்டுலயும் ஒரே படம்தான் வரும்.

டெஸ்க்டாப்ல ரைட் கிளிக் செஞ்சு டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போங்க. "ஐடென்டிஃபை" அழுத்தினா எது 1, எது 2-ன்னு நம்பர் தெரியும். மேஜையில மானிட்டர் எந்தப் பக்கம் இருக்கோ, அதே மாதிரி அந்தக் கட்டங்களை இழுத்து வைங்க. இல்லைன்னா மவுஸ் வலது பக்கம் போக வேண்டியது இடது பக்கம் போகும். எது முக்கியமோ அதை "மெயின் டிஸ்ப்ளே" ஆக்குங்க. எழுத்து அளவு ரெண்டுலயும் வேற வேறயா இருந்தா "ஸ்கேல்" மாத்துங்க. அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேல ரெஃப்ரெஷ் ரேட்டையும் ஒருதடவை பாருங்க. 100 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிட்டு 60-லயே ஓட்டுறவங்க நிறைய.

விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி மூணையும் சேர்த்து அழுத்தினா விண்டோ அடுத்த மானிட்டருக்குத் தாவும். இது பழகிட்டா போதும், போட்ட காசு திரும்ப ஆரம்பிச்சுடும்.

மானிட்டரைக் கண்டுபிடிக்கலைன்னா முதல்ல மானிட்டர் பட்டன்ல இன்புட் சோர்ஸ் சரியா இருக்கான்னு பாருங்க. அப்புறம் கேபிளைக் கழற்றி மாட்டுங்க. அதுக்கும் வரலைன்னா கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் பண்ணுங்க.

7. கூடவே வர்ற சின்னச் செலவுகள்

கரண்ட்: 24 இன்ச் எல்இடி மானிட்டர் சுமார் 20 வாட். நாளைக்கு 8 மணி நேரம், மாசம் 25 நாள் ஓடினா 4 யூனிட். தமிழ்நாட்டு மின் கணக்குப்படி ரெண்டு மாசத்துக்கு 8 யூனிட். உங்க பில் 500 யூனிட் பக்கத்துல நிக்குதுன்னா மட்டும் கவனம். அதைத் தாண்டினா மொத்தக் கணக்கே மாறும்.

யுபிஎஸ்: சாதாரண 600 விஏ யுபிஎஸ்-ல இன்னொரு மானிட்டர் சேர்ந்தா பேக்கப் நேரம் குறையும். செகண்ட் மானிட்டரை நேரா சுவர் பிளக்ல போட்டா பிரச்சினை இல்ல. கரண்ட் போனா மெயின் மானிட்டர் இருக்கும், ஃபைலை சேவ் பண்ணிக்கலாம்.

ஸ்டாண்ட்: மானிட்டரோட மேல் விளிம்பு உங்க கண் மட்டத்துக்கு வரணும், கை நீட்டுற தூரத்துல இருக்கணும். அதுக்கு 3,000 ரூபாய் ஆர்ம் வேண்டாம். காலேஜ் புத்தகம் நாலு அடுக்கினா போதும். கண்டிப்பா ஆர்ம் வாங்குறீங்கன்னா மானிட்டர் பின்னாடி வீசா துளை இருக்கான்னு முதல்ல பாருங்க.

கடைசியா கூட்டிப் பார்ப்போம். மானிட்டர் 9,000, தேவைப்பட்டா கேபிள் ஒரு சில நூறு. 10,000-க்குள்ள வேலை முடிஞ்சது. முதல்ல யோசிச்ச 40,000-ல மீதி 30,000 இருக்கே, அது உங்க ஒரு மாசச் சம்பளம். அதை அவசரகால நிதியில போட்டு வைங்க. நாளைக்கே வேலை போனாலும் ஒரு மாசம் வீட்டு வாடகையும் சாப்பாடும் ஓடும். வளைஞ்ச மானிட்டரை வித்து அதைச் சமாளிக்க முடியாது நண்பர்களே!