தங்கமீன் ஏன் வளரவில்லை?

2021 ஜூலையில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள பர்ன்ஸ்வில் நகர நிர்வாகம், வளர்ப்புத் தங்கமீன்களை ஏரி குளங்களில் விட வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. கெல்லர் ஏரியில் பிடிபட்ட தங்கமீன்களின் படங்களையும் வெளியிட்டது. கடையில் பாலிதீன் பையில் கட்டித் தரும் விரல் நீள மீனா இது என்று கேட்கத் தோன்றும், அவ்வளவு பருமன்.

'சின்னத் தொட்டின்னா மீனும் சின்னதாவே இருக்கும் சார்' என்று நம் ஊர்க் கடைகளில் சொல்வார்கள். இருக்கும்தான். ஆனால் அது தொட்டியின் அளவைப் பார்த்து மீன் அடக்கமாக இருந்துகொள்வதால் அல்ல, கெட்ட தண்ணீரில் நோஞ்சானாகிப் போவதால். சாதாரணத் தங்கமீன் ஓரடி வரை வளரும். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பிரிட்டனில் 'டிஷ்' என்ற தங்கமீன் 43 வயது வரை இருந்து 1999இல் இறந்தது. நம் வீட்டுக் கண்ணாடிக் குடுவையில் ஆறு மாதம் தாண்டினாலே அதிசயம் என்கிறோம்.

மீனின் கழிவில் பெரும்பங்கு அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. கொஞ்சம் கூடினாலே அது மீனுக்கு நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தப் பாக்டீரியாக் கூட்டம் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். காலையில் தொட்டி வாங்கி மாலையில் பத்து மீனை விட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

இன்னொரு கொடுமை ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம். தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, கற்களைத் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று வைப்பவர்கள் உண்டு. அந்தப் பாக்டீரியாவும் சாக்கடையோடு போய்விடும். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். பஞ்சை, வெளியே எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். புதிதாக ஊற்றுவது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால், குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும்.

வெயில் காலத்தில் ஏர் பம்பை நிறுத்தவே கூடாது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனுக்கு ஆக்ஸிஜன் தேவையோ கூடுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் பசி என்று நினைத்து இன்னொரு சிட்டிகை தீனி போடுகிறோமே, பல நேரம் அது மூச்சுத் திணறல்.

தீனி விஷயத்தில் நாம் தாராள மனசுக்காரர்கள். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும். ஒரே வேளையில் அள்ளிப் போடுவதைவிட இரண்டு மூன்று வேளையாக, ஓரிரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போடுவதே உடம்பில் ஒட்டும். மிச்சம் அழுகி மறுபடி அம்மோனியாவாகும். குஞ்சுகளின் கணக்கு வேறு. அவற்றுக்கு நாலைந்து வேளையாவது புரதம் மிகுந்த தீனி வேண்டும். ஆர்டீமியா என்ற நுண்ணிய இறால் வகையின் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். அதற்கு ஈடான குஞ்சுத் தீனி குறைவு. வளர வளர அளவு பார்த்துக் குஞ்சுகளைப் பிரிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் பெரியவை முந்திக்கொள்ள, சிறியவை சிறியவையாகவே தங்கிவிடும்.

எந்தத் தண்ணீரில் எந்த மீன் என்பதையும் யோசியுங்கள். போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும் வீட்டில் கப்பியும் மோலியும் செழிக்கும். அமேசான் பகுதியின் மென்நீரிலிருந்து வந்த நியான் டெட்ரா அங்கே திண்டாடும். வீட்டுத் தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் அதற்கேற்ற மீனை வாங்குவதே என் கட்சி.

கடையில் விலை கேட்பதற்கு முன், 'இது எவ்வளவு பெரிதாக வளரும்?' என்று கேளுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று இரண்டு அங்குலத்தில் விற்கப்படும் சக்கர் மீன் ஒன்றரை அடி வரை வளரக்கூடியது. வளர்த்தவர்கள் கைவிட்ட அந்த இனம் தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகிவிட்டது. இடம் போதாமல் போனால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.