கழித்தால் கிடைக்கும் படம்

மொட்டை மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவைக் கவனித்திருக்கிறீர்களா? டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியில் சின்னதாக ஒரு கருவி இருக்கும். அதன் பெயர் எல்.என்.பி. அதிலிருந்துதான் கேபிள் இறங்கி வீட்டுக்குள் செட்டாப் பாக்ஸுக்கு வருகிறது. இந்தக் கருவியின் முக்கியமான வேலை என்ன தெரியுமா? கழித்தல் கணக்கு போடுவது!

எதிலிருந்து எதைக் கழிக்கிறது? தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் சேவையை எடுத்துக்கொள்வோம். அது ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக வருகிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட இந்தச் செயற்கைக்கோள், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்தில் அதுவும் பூமியை ஒரு சுற்று வந்துவிடும். அதனால் நம் கண்ணுக்கு எப்போதும் ஒரே திசையில் இருக்கும். டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து வரும் அலைகளில் ஒன்றின் அதிர்வெண் 11,090 மெகாஹெர்ட்ஸ். அதாவது, ஒரு நொடியில் 1,109 கோடி அதிர்வுகள்! இவ்வளவு வேகமாக அதிரும் அலையைச் சாதாரண கேபிளில் அனுப்பினால், வீட்டுக்குள் வந்து சேர்வதற்குள் மிகவும் பலவீனமாகிவிடும். அதிர்வெண் கூடக் கூட, கேபிளில் இழப்பும் கூடும். எனவே டிஷ்ஷிலேயே அதிர்வெண்ணைக் குறைத்தாக வேண்டும்.

அதற்காக எல்.என்.பி. தனக்குள்ளே ஓர் அலையை உருவாக்குகிறது. அதன் அதிர்வெண் 9,750 மெகாஹெர்ட்ஸ். வானிலிருந்து வந்த அலையையும் இந்த அலையையும் ஒரு மின்சுற்றில் கலந்தால் இரண்டு புதிய அதிர்வெண்கள் பிறக்கும். ஒன்று இரண்டின் கூட்டுத்தொகை, இன்னொன்று வித்தியாசம். கூட்டுத்தொகையை வடிகட்டிவிட்டு, வித்தியாசத்தை மட்டும் கேபிளில் அனுப்பினால் போதும்.

11,090 − 9,750 = 1,340

படத்தைச் சுமந்துகொண்டு கேபிளில் இறங்குவது இந்த 1,340 மெகாஹெர்ட்ஸ் அலைதான். எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1918-இல், முதல் உலகப் போர்க் காலத்தில், இந்த முறையில் வானொலி வாங்கியை வடிவமைத்தார். இன்றும் அதே கணக்குதான் உங்கள் மாடியில் நடக்கிறது.

வித்தியாசம் பிறப்பதைக் காதாலேயே கேட்கலாம். இரண்டு செல்பேசிகளில் ஒலி எழுப்பும் செயலியைத் திறந்து, ஒன்றில் 440, மற்றொன்றில் 444 ஹெர்ட்ஸ் வைத்து ஒரே நேரத்தில் ஒலிக்க விடுங்கள். ஒலி ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கேட்கும். எண்ணிப் பாருங்கள்: நொடிக்கு நான்கு முறை!

இனி நாமே ஒரு கணக்குக் கருவி செய்வோம். எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் போதும். முதல் பத்தியில் செயற்கைக்கோள் அதிர்வெண், இரண்டாவதில் எல்.என்.பி.யின் அதிர்வெண், மூன்றாவதில் விடை. மூன்றாவது பத்தியில் சமக்குறி போட்டு, முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதைக் கழிக்கும் சூத்திரத்தை எழுதுங்கள். அதைக் கீழே இழுத்தால் எல்லா வரிசைகளுக்கும் விடை வந்துவிடும்.

இப்போது முதல் பத்தியில் 12,500 என்று போட்டுப் பாருங்கள். விடை 2,750. ஆனால் செட்டாப் பாக்ஸ் 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரைதான் வாங்கும்! இதற்காகத்தான் யுனிவர்சல் எல்.என்.பி.யில் 10,600 என்ற இரண்டாவது அதிர்வெண்ணும் இருக்கிறது. 11,700-க்குக் கீழே என்றால் 9,750-ஐக் கழிக்கும். அதற்கு மேல் என்றால் 10,600-ஐ. உங்கள் தாளில் ‘இஃப்’ சூத்திரத்தைப் பயன்படுத்தினால் இரண்டாவது பத்தி தானாகவே சரியான எண்ணைத் தேர்ந்தெடுக்கும். 12,500-க்கு விடை 1,900 என மாறிவிடும்.

பெரிய டிஷ்களில் வாங்கும் சி-பேண்ட் அலைகளுக்கு இன்னொரு வேடிக்கை உண்டு. அங்கே எல்.என்.பி.யின் அதிர்வெண் 5,150. வரும் அலையோ 4,000 போலச் சிறியது. கழித்தால் −1,150 என்று வரும். கழித்தல் குறியை நீக்க ‘ஏபிஎஸ்’ சூத்திரம் உதவும். இங்கே 3,700-க்கு விடை 1,450. 4,200-க்கு விடை 950. வானில் உயர்ந்த அதிர்வெண், கேபிளில் தாழ்ந்துவிடுகிறது!

கடைசியாக, கணக்கைத் திருப்பிப் போடுவோம். யுனிவர்சல் எல்.என்.பி.யிலிருந்து கேபிளில் 1,340 வருகிறது. வானில் அது எந்த அதிர்வெண்? 9,750-ஐக் கூட்டினால் 11,090. 10,600-ஐக் கூட்டினால் 11,940. இரண்டுமே சரியான விடைகள்! அப்படியானால் குழப்பம் வராதா? வராது. உயர்ந்த பகுதி வேண்டும்போது செட்டாப் பாக்ஸ், அதே கேபிள் வழியாக 22 கிலோஹெர்ட்ஸ் மின்குறிப்பு ஒன்றை மேலே அனுப்புகிறது. அது வந்தால் எல்.என்.பி. 10,600-க்கு மாறும், வராவிட்டால் 9,750-இலேயே இருக்கும்.

உங்கள் தாளில் நான்காவது பத்தி ஒன்றைச் சேர்த்து, ‘22 கிலோஹெர்ட்ஸ் உண்டா, இல்லையா’ என்று அதுவே சொல்லும்படி சூத்திரம் எழுத முடியுமா? முயன்று பாருங்கள். அந்தப் பத்தியையும் முடித்துவிட்டால், செட்டாப் பாக்ஸ் மெனுவில் உள்ள ‘9750/10600’ என்ற எண்களின் பொருளை வீட்டில் எல்லோருக்கும் நீங்களே விளக்கலாம்.